வாயில்லா நோயாளிகள்

மனித வைத்தியம் பயில்வோனுக்கு நோயாளியே பாதி ஆசிரியன். எங்கே நோகிறதென்று சொல்லிவிடுவான். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனாசாலையிலே நாயையும் பூனையையும் மேசைமீது வைத்துப் பயிலும் மாணவர்க்கு அவ்வசதி இல்லை. நாயின் நாடியைத் தொடையின் உட்புறத்தில் தேட வேண்டும். 102 பாகை பரனைற்று நமக்குக் காய்ச்சல்; நாய்க்கோ அது சுகம். பூனை மகிழ்ந்து ‘கர்ர்’ என்று தொண்டைக்குள் ஒலி எழுப்பினால் இதயத் துடிப்புக் கேளாது. அருகே தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டால் பெரும்பாலும் ஓய்ந்துவிடும் என்பது அனுபவசாலிகள் கைமாற்றிவரும் வித்தை!

ஆயினும், கடினமான பாடம் பிராணியைக் கொணர்ந்தவரிடமே இருக்கிறது என்போம். பூனைக்குக் காய்ச்சலென்று வீட்டார் பரிவோடு அரைப் பனடோல் கொடுத்திருப்பர். அம்மருந்தின் நஞ்சை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதாது. குருதி கபில நிறமாகும், முரசு நீலம் பாயும், மூச்சுத் திணறும். “ஏதேனும் மருந்து கொடுத்தீர்களா?” என்றால், ஏச்சுக்கு அஞ்சி “இல்லை” என்பார் பலர். குற்றஞ் சாட்டாத குரலில் அதே வினாவை மறுபடியும் கேட்கப் பழகுவதை, அறுவைச் சிகிச்சைக்குக் குறையாத பயிற்சியாக நாம் மதிக்கிறோம். மாற்று மருந்து உண்டு. ஆனால் அதனைச் சில மணி நேரத்துள் ஏற்றத் தொடங்க வேண்டும்.