காட்டேரி என்றாலும் விதி விதிதான்!

கம்ப்யூட்டர் கேம்ஸ் என்றதும் பலருக்குத் துப்பாக்கியும் கார் ரேஸும்தான் நினைவுக்கு வரும். கதையைப் படித்துக்கொண்டே, அடுத்து என்ன செய்வது என்பதை நாமே முடிவு செய்து விளையாடும் கேம்களும் உண்டு. அவற்றில் ரத்தக் காட்டேரிக் கதைகளுக்குத் தனி ரசிகர் கூட்டம் இருக்கிறது. நானும் அதில் ஒருவன்.

இந்த ரசிகர்களிடையே அடிக்கடி ஒரு சண்டை கிளம்பும். "வெயில் பட்டால் காட்டேரி சாகும் என்றீர்களே, இது மட்டும் எப்படிப் பகலில் நடக்கிறது?" விதிவிலக்கே கூடாது என்பார்கள் சிலர். கற்பனைதானே, இதற்கெல்லாம் லாஜிக் எதற்கு என்பார்கள் வேறு சிலர். இரண்டையுமே நான் ஏற்கவில்லை.

முதலில், காட்டேரிக்கென்று மாறாத விதி எதுவும் கிடையாது. பிராம் ஸ்டோக்கர் 1897-ல் எழுதிய நாவலில் டிராகுலா பகலிலேயே லண்டனில் நடமாடுகிறான்; அவனது சக்திதான் குறைகிறது. வெயிலில் அழிந்துபோவது 1922-ல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் மௌனப்படத்தில் காட்டப்பட்டது. எனவே ஒவ்வொரு ஆசிரியரும் தனக்கு வேண்டிய விதியை வகுத்துக்கொள்ளலாம். வகுத்தபின் அதை மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ட்ரோய்கா கேம்ஸ் நிறுவனம் உருவாக்கி, 2004-ல் வெளிவந்த 'வேம்பயர்: தி மாஸ்கரேட் - பிளட்லைன்ஸ்' இதற்கு நல்ல உதாரணம். பூண்டும் சிலுவையும் ஒன்றும் செய்யாது, வெயிலும் நெருப்பும்தான் ஆபத்து என்று ஆரம்பத்திலேயே ஒரு பாத்திரம் சொல்லிவிடுகிறது. மனிதர்கள் முன் தன்னைக் காட்டேரி என்று காட்டிக்கொள்ளக் கூடாது. ஐந்து முறை மீறினால் ஆட்டம் முடிந்தது. இதிலும் விதிவிலக்கு உண்டு. நோஸ்ஃபெராட்டு குலத்தைத் தேர்ந்தெடுத்தால் மனிதர் கண்ணில் பட்டாலே மீறல்தான். சாக்கடை வழியாகத்தான் ஊரைச் சுற்ற வேண்டும். ஆனால் குலத்தைத் தேர்வு செய்யும்போதே இது நமக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்தே எடுத்த கஷ்டம் என்பதால் கோபம் வருவதில்லை.

நாவலுக்கும் கேமுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான். நாவலில் விதி பிசகினால் வாசகர் முகம் சுளிப்பார். கேமிலோ, விளையாடுபவர் அந்த விதியை நம்பித்தான் முடிவு எடுத்திருப்பார். விதியை உடைத்தால் அவர் எடுத்த முடிவே வீணாகிவிடும்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். 'இன்ஃபார்ம் 7' சாப்ட்வேரில் ஒரு சின்னக் காட்டேரிக் கதை எழுதினேன். வீட்டுக்காரர் அழைக்காமல் காட்டேரி உள்ளே வர முடியாது என்பது அதில் விதி. விளையாடிய என் நண்பர், வாசலில் கெஞ்சி அழுத தன் கதாநாயகியின் தங்கையைக்கூட உள்ளே விடவில்லை. அவள் காட்டேரியாக மாறியிருப்பாளோ என்ற பயம்! கிளைமாக்ஸில் வில்லன் ஜன்னல் வழியாகச் சர்வ சாதாரணமாக உள்ளே வந்தான். எனக்கு ஒரு சண்டைக் காட்சி தேவைப்பட்டது, அதனால் வரவைத்தேன். "அப்படியானால் தங்கையை எதற்கு வெளியே நிறுத்தினேன்?" என்று கேட்டுவிட்டு நண்பர் கேமை மூடிவிட்டார். என்னிடம் பதில் இல்லை.

பிறகு திருத்தினேன். வில்லன் ஒரு காலத்தில் அதே வீட்டின் சொந்தக்காரன் என்று மாற்றி, அதற்கான பழைய பத்திரத்தை முதல் அறையிலேயே வைத்தேன். வில்லன் இப்போதும் உள்ளே வருகிறான். ஆனால் கவனமாகத் தேடுபவர் அதை முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

இன்ஃபார்ம் 7-ல் பொது விதி ஒன்றும் குறிப்பிட்ட சூழலுக்கான விதி ஒன்றும் எழுதினால், குறிப்பிட்டதைத்தான் அது முதலில் பார்க்கும். அதாவது விதிவிலக்கும் ஒரு விதிதான்; அதையும் எழுதி வைத்தாக வேண்டும். கதை எழுதுபவர்களுக்கு நான் சொல்வதும் இதுவே. விதிவிலக்கு தாராளமாக வையுங்கள். ஆனால் விளையாடுபவர் முடிவெடுக்கும் முன்பே அதற்கான தடயம் அவர் கண்ணில் படட்டும். உங்களுக்கு வழி தெரியாதபோது மட்டும் தலைகாட்டும் விதிவிலக்கு, கதையல்ல. அது ஒரு பக்!