ஒன்றரை மில்லிமீட்டர்

கிட்டார் வாங்குகிறோம் என்றால் நம் டவுன்ஷிப்பில் முதல் கேள்வி "என்ன கலர்?" அடுத்தது, "என்ன விலை?" கழுத்தின் அகலத்தை விசாரித்து வாங்கியவரை நெய்வேலியில் நான் இன்னும் பார்க்கவில்லை.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பையன் ப்ளஸ் டூ முடித்த கையோடு ஆன்லைனில் ஒன்றை வரவழைத்தான். "அங்கிள், ஏ கார்டு மட்டும் வரவே மாட்டேங்குது. என் விரல் இதுக்கு லாயக்கில்லபோல" என்றான். இரண்டாவது கட்டத்துக்குள் மூன்று விரல்கள் நெருக்கியடித்து உட்கார வேண்டிய கார்டு அது. பிடிக்கச் சொன்னேன். மோதிர விரலின் சதை கடைசிக் கம்பியை உரசிக்கொண்டிருந்தது. மீட்டினால் 'டொக்'.

கம்பிகள் கழுத்தில் இறங்குகிற இடத்தில் இருக்கும் சின்னப் பட்டைதான் நட்; கழுத்தின் அகலத்தை அங்கேதான் அளப்பார்கள். ஸ்கேலை வைத்தோம்: 43 மி.மீ. புதிதாகக் கற்பவர்கள் அதிகம் வாங்கும் யமஹா எஃப்310-இலும் இதே அளவுதான். நைலான் கம்பி போட்ட சி40-இல் 52. நடுவில் 44.5 என்று ஒரு ரகம் உண்டு. ஒன்றரை மி.மீ. கூடுதலை ஐந்து இடைவெளிக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு 0.3 மி.மீ.தான் வரும். தடித்த விரலுக்கு அதுவே பெரிய தயவு.

அதற்காக ஒரேயடியாக 52-க்குத் தாவிவிடக் கூடாது. சிறிய கை என்றால் எஃப் கார்டு பிடிப்பதற்குள் மணிக்கட்டு கெஞ்சும். (நம் பண்ருட்டிப் பலாவில் கடையும் தஞ்சாவூர் வீணையில் இந்தத் தொல்லை இல்லை, இரண்டு விரல்தான் மெட்டில் ஓடும்.) கிளாசிக்கல் முறையில் கற்பவருக்கு 52, சினிமாப் பாட்டுக்குக் கார்டு போட 43 போதும், விரல் தடிமன் என்றால் 44.5. இது என் கணக்கு. அகலம் ஒன்றே எல்லாம் இல்லை. கழுத்தின் பருமனும் கம்பியின் உயரமும் கையைப் படுத்தும். நகத்தை ஒட்ட வெட்டி, விரலை நிமிர்த்தி ஊன்றினால் பையனின் சிக்கலே பாதி தீர்ந்துவிடும். அதைத்தான் முதலில் செய்யச் சொன்னேன்.

புதுச்சேரிக்கோ சென்னைக்கோ போய் வாங்குகிறவர்கள் கடையிலேயே உட்கார்ந்து ஏ கார்டைப் பிடித்து, ஒவ்வொரு கம்பியாக மீட்டிப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் கடைக்காரரிடம் விரல் வைக்கும் இடத்தைக் கேளுங்கள், சொல்லித் தருவார். ஆன்லைன் என்றால் நட் அகலம் போடாத விளம்பரத்தைத் தொடாதீர்கள்.