பழைய ஓட்டோவை ஓட வைப்போம்

களுவாஞ்சிக்குடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் படுவான்கரை. பஸ் பிந்தினாலும், இரவில் ஆதார வைத்தியசாலைக்குப் போகவேண்டி வந்தாலும், சந்தைக்கு மரக்கறி மூட்டை ஏற்றவேண்டி இருந்தாலும் ஓட்டோதான் கைகொடுக்கிறது. எங்கள் சகோதரிகள் பலரின் வீட்டு அடுப்பு எரிவதும் அந்த ஓட்டோவின் உழைப்பில்தான். சிலர் தாங்களே ஓட்டுகிறார்கள். சிலர் கணவர் விட்டுச்சென்ற வண்டியை நாள் வாடகைக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த வண்டிகளில் அநேகமானவை பழையவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வண்டிகளின் விலையும் ஏறியது. 2025 இல் கட்டுப்பாடு தளர்ந்தாலும் புதிய வண்டி எங்களுக்கு எட்டும் விலையில் இல்லை. ஆகவே இருப்பதைக் குறைந்த செலவில் ஓட வைப்பது எப்படி என்று இம்மாதம் பார்ப்போம்.

பழைய வண்டி காசைத் தின்னும் என்பார்கள். அப்படித் தின்னும் பெரிய செலவுகளில் பல, சிறிய வேலையாக இருந்தபோது நாம் தள்ளிப்போட்டவை. ஒயில் குறைந்ததைக் கவனிக்காவிட்டால் பிஸ்டன் இறுகும். ஒரு போத்தல் ஒயிலோடு முடிய வேண்டியது, எஞ்சினை இறக்கும் செலவாகிவிடும்.

கிழமைக்கு ஒரு நாள்

ஞாயிறு காலை அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். இதற்கு மெக்கானிக் தேவையில்லை.

ஒயில்: மட்டமான நிலத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஆறியபின் ஒயில் குச்சியைத் துடைத்துப் பாருங்கள். பழைய எஞ்சின் ஒயிலைக் கொஞ்சம் குடிக்கும். குறைந்த அளவை உடனே நிரப்புங்கள். மீற்றர் வேலை செய்யாத வண்டியில் ஒயில் மாற்றும் நாளைப் பெற்றோல் கணக்கால் அறியலாம். 3,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவதாகவும், வண்டி லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடுவதாகவும் வைத்துக்கொள்வோம். 120 லீற்றர் அடித்து முடிந்ததும் ஒயில் மாற்றும் நாள் வந்துவிட்டது.

காற்று வடி: எங்கள் குறுக்கு வீதிகளின் மணல் தூசி இதை விரைவில் அடைக்கும். அடைத்தால் பெற்றோல் கூடுதலாகச் செலவாகி, புகை கறுக்கும். நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் புகை நீலமாக வந்தால் ஒயில் எரிகிறது என்று அர்த்தம். இரண்டையும் மாறி விளங்கிக்கொண்டால் தேவையில்லாத சாமானுக்குக் காசு போகும்.

பற்றரி: காய்ச்சி வடித்த நீர் மட்டும் விடுங்கள். கிணற்றுத் தண்ணீர் கூடாது. முனையில் வெள்ளைப் பூப் பிடித்திருந்தால் சுடுநீரால் கழுவி, காய்ந்தபின் வசலீன் பூசுங்கள்.

கேபிள்: கிளச் கேபிள் ஒன்றை எப்போதும் வண்டியில் வைத்திருங்கள். வெல்லாவெளிப் பக்கம் போகும்போது அறுந்தால் அன்றைய உழைப்பே போய்விடும்.

உப்பும் மழையும்

கடற்காற்றில் வண்டி கறள் பிடிக்கும். எஞ்சினைத் திருத்தலாம், அடித்தகடு உக்கிவிட்டால் திருத்துவது கடினம். கால் மிதிக்கும் றப்பர் விரிப்பை மாதம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். அதன் அடியில் நிற்கும் ஈரமே தகட்டைத் தின்னுகிறது. அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவி வெயிலில் காயவிடுங்கள். மாரி வெள்ளத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ண வேண்டாம். உள்ளே தண்ணீர் போயிருந்தால் எஞ்சின் உடையும். தள்ளிக் கரைசேர்த்து, பிளக்கைக் கழற்றிப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

மண்ணெண்ணெய் கலக்கலாமா?

பொருளாதாரத் தடை இருந்த 1990களில் யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அன்று வேறு வழி இருக்கவில்லை. 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவானது. அடுத்த மாதம் வந்த கியூஆர் முறையில் தொடக்கத்தில் ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர்தான் கிடைத்தது. அத்தகைய நாட்களில் கலக்க மனம் வருவது இயல்பு. ஆனால் மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் ஒயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். பெற்றோலில் மிஞ்சிய காசு பிஸ்டனுக்குப் போகும்.

காசுக்கு ஒரு முட்டி

உழைத்த நாளெல்லாம் வண்டிக்கென்று 150 ரூபா தனியாகப் போடுங்கள். மாதம் 25 நாள் ஓடினால் 3,750 ரூபா. வருடத்துக்கு 45,000 ரூபா. இந்தக் காசில் சீட்டுக் கட்டவோ கைமாற்றுக் கொடுக்கவோ வேண்டாம்.

செலவழிக்கும்போது இந்த ஒழுங்கைப் பாருங்கள். முதலில் பிறேக், டயர், விளக்கு. அடுத்தது ஒயில், காற்று வடி, பிளக், கேபிள். கடைசியாக சீற் கவர், பெயின்ற், பாட்டுப் பெட்டி. பிறேக்கில் மிச்சம் பிடிக்கக் கூடாது. பின்னால் இருப்பது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள்.

வாடகைக்குக் கொடுத்தவர்கள், பெற்றோல் யாருடையது, ஒயில் யாருடையது, அறுந்த கேபிள் யாருடையது என்பதை முதலிலேயே எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். ஓட்டுபவர் உறவுக்காரத் தம்பியாக இருந்தாலும் இது தேவை.

கராஜில்

"என்ன பிழையென்று பார்த்துச் செய்து வையுங்கோ" என்று விட்டுவிட்டு வராதீர்கள். என்ன சத்தம், எப்போது வருகிறது என்று நீங்கள் சொல்லுங்கள். விலையை முதலில் கேளுங்கள். கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். பெண் கேட்கிறாளே என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். காசு எங்களுடையது.

எஞ்சினை இறக்கவேண்டும் என்றால் உடனே லீசிங் கம்பனிக்கு ஓடவேண்டாம். தவணைக் காசு வண்டி ஓடாத நாளுக்கும் சேர்த்துத்தான் கேட்கப்படும். திருத்தும் செலவை, பெற்றோல் போக மாதம் கையில் மிஞ்சும் காசோடு ஒப்பிடுங்கள். நாலைந்து மாத மிச்சத்தில் அடைக்க முடியுமென்றால் திருத்துவது நல்லது. அடித்தகடும் உக்கி, எஞ்சினும் போயிருந்தால் அந்த வண்டிக்கு இனிச் செலவழிக்க வேண்டாம். ஓடும் நிலையில் இருக்கும்போதே விற்றால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்.

இதையெல்லாம் தீர்மானிக்கக் கணக்கு வேண்டும். ஒரு கொப்பி வாங்கி, திகதி, அடித்த பெற்றோல், ஓடிய தூரம், உழைப்பு, செலவு என்று ஐந்து கோடு போடுங்கள். எழுதத் தெரியாத தாய்மாருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். மூன்று மாதம் எழுதிய பிறகு பெற்றோல் எந்தக் கிழமையில் கூடியது என்று பாருங்கள். வண்டியில் பிழை தொடங்கியது அநேகமாக அந்தக் கிழமையில்தான்.