மதுவிலக்கு வந்தால் சாவு நின்றுவிடுமா?

கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சாவுகளுக்கு ஒரே மருந்து பூரண மதுவிலக்குதான் என்று ஒரு கட்டுரையில் அடித்துச் சொல்கிறார் நண்பர். குஜராத்தில் மாநிலம் பிறந்த 1960 முதலே மதுவிலக்கு. 2009இல் அகமதாபாத்தில் விஷச்சாராயத்துக்கு நூறு பேருக்கு மேல் பலி. 2016இல் தடை போட்ட பீகாரில், 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் அதே கொடுமை. அரசின் டாஸ்மாக் மதுக்கடைகள் திறந்திருந்தும் கள்ளக்குறிச்சி நடந்ததே என்பார். நடந்தது, நான் டாஸ்மாக்கின் வக்கீல் அல்ல. ஆனால் விஷச்சாராயத்தில் உள்ள மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணையும் உயிரையும் பறிக்கச் சில மணி நேரமாவது ஆகும். அதற்குள் வந்துசேர்ந்தால் முறிவு மருந்தாக ஃபோமெபிசோலோ எத்தனாலோ கொடுத்து, டயாலிசிஸ் செய்து பலரைக் காப்பாற்றலாம். மதுவிலக்கில் குடித்ததே குற்றம் என்றால் எவன் ஆஸ்பத்திரிக்கு வருவான்? வழக்குக்குப் பயந்து வீட்டிலேயே சுருண்டு கிடப்பவனை என்ன செய்வது என்பதற்கு நண்பரின் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.