வழியில் இருந்த வைத்தியசாலை

கனடாவிலும் ஐரோப்பாவிலும் முப்பது ஆண்டுகள் உழைத்து, ஓய்வூதியத்தோடு வன்னிக் கரைக்குத் திரும்பியவர்கள் பலருடன் அண்மைக் காலத்தில் உரையாடியிருக்கிறேன். கட்டிய வீட்டைப் பற்றி, தோண்டிய கிணற்றின் நீர் உவர்த்துப் போனதைப் பற்றி, கோயில் திருப்பணியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். நோய் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் மட்டும் பதில் ஒரே வரியில் முடிந்துவிடும். "அதுக்கென்ன, காசு இருக்குத்தானே, கொழும்புக்குப் போகலாம்."

முல்லைத்தீவிலிருந்து கொழும்பு 300 கிலோமீட்டருக்கும் அப்பால். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைகூட 100 கிலோமீட்டருக்கு மேல். டொலரோ பவுணோ இந்தத் தூரத்தில் ஒரு முழத்தைக்கூடக் குறைக்காது.

2023 ஆம் ஆண்டு என் பள்ளித் தோழர் ஒருவர் காலமானார். முல்லைத்தீவுக்குத் தெற்கே, கடலை அண்டிய கிராமமொன்றில் வீடு கட்டிக் குடியிருந்தவர். கனடியக் கடவுச்சீட்டு உடையவர். நள்ளிரவு கடந்து நெஞ்சு வலி தொடங்கியது. முதலில் ரொரன்ரோவில் இருக்கும் மகனுக்கு அழைப்பெடுத்தார். மகன் இலண்டனில் வைத்தியராக இருக்கும் உறவினரை அழைத்தார். பின்னர் கொழும்புத் தனியார் வைத்தியசாலை ஒன்றின் தொலைபேசி இலக்கத்தைத் தேடினார்கள். அயல்வீட்டுப் பையன் 1990 இலக்கத்துக்கு அழைப்போம் என்று சொல்லியிருக்கிறான். அந்த அம்புலன்ஸ் பக்கத்திலுள்ள அரச வைத்தியசாலைக்குத்தான் கொண்டுபோகும் என்பதால் நண்பர் மறுத்துவிட்டார். இறுதியில் எனக்கு அழைப்பு வந்தது. யாழ்ப்பாணத்துக்கே கொண்டுபோங்கள் என்று சொன்னவன் நான்தான்.

வாடகை வான் வந்து சேரும்போது வலி தொடங்கி ஒன்றரை மணித்தியாலம் கடந்திருந்தது. பரந்தன் வீதி புதுக்குடியிருப்பு ஊடாகச் செல்கிறது. அங்கே அரச வைத்தியசாலை உண்டு. வான் அங்கே நிற்கவில்லை. பரந்தன் சந்தியை அடையுமுன்னரே அவருடைய உயிர் பிரிந்தது.

அதன் பின்னர் வைத்திய நண்பர்கள் சிலரிடம் விசாரித்தேன். நான் முன்னரே அறிந்திருக்க வேண்டிய விடயம் அது. மாரடைப்பில் இதயக் குழாய் முற்றாக அடைபட்டால், அடைப்பைக் கருவி செலுத்தி நீக்குவது சிறந்த சிகிச்சை. அதற்குரிய வசதியை 120 நிமிடங்களுக்குள் எட்ட முடியாத இடமாயின், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தை அருகிலுள்ள இடத்திலேயே ஏற்றிவிட்டுப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவதே உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட முறை. ஒரு இ.சி.ஜி. கருவியும், அந்த மருந்தும், அதனை ஏற்றத் தெரிந்த வைத்தியரும் இருந்தால் போதும். நேரம் செல்லச் செல்ல அந்த மருந்தின் பயன் குறைந்துகொண்டே போகும். அவர் அங்கே நின்றிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. அது எவராலும் சொல்ல முடியாதது. அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரேயொரு வாய்ப்பைத் தாண்டி வாகனம் போயிற்று என்பதை மட்டுமே சொல்கிறேன். போகச் சொன்னதில் எனக்கும் பங்குண்டு.

அரச வைத்தியசாலை என்றால் முகம் சுளிக்கும் வழக்கம் புலம்பெயர்ந்த நம்மவரிடம் எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறேன். எண்பதுகளில் புறப்பட்டுப் போனவர்கள் அன்று கண்ட வாங்குகளையும் மருந்து மணத்தையுமே இன்னமும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அங்கேயே இருந்த மக்கள் அப்படி நினைப்பதில்லை. 2009 இல் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைக்கு இலக்கான பின்னர், புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் தற்காலிகக் கொட்டகைகளில் காயப்பட்டோரைப் பராமரித்தவர்கள் அரச வைத்தியர்களும் தாதியரும் ஊழியர்களுமே. அந்த மண்ணில் அரச வைத்தியசாலை என்ற சொல்லுக்குள் இந்த வரலாறும் இருக்கிறது.

இன்னொன்று. சிறிய நகரமொன்றில் மாலை வேளையில் பணம் கட்டிச் சனல் செய்து காண்கின்ற விசேட வைத்திய நிபுணர், பெரும்பாலும் அன்று காலை அரச வைத்தியசாலை கிளினிக்கில் இலவசமாகப் பார்த்த அதே நிபுணர்தான். மாலையில் அவரிடம் இருப்பது ஒரு மேசையும் நாடி பார்க்கும் கருவியும். ஆய்வுகூடமும் விடுதியும் ஒட்சிசனும் காலையில் அவர் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

குறைகள் இல்லையா? நிறையவே உண்டு. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களில் இன்சுலினைக் குளிராக வைத்திருக்க வழியின்றித் தவித்த குடும்பங்களை நான் அறிவேன். அந்த நெருக்கடியின்போதும் அதன் பின்னரும் வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். நாமும் ஒருநாள் அப்படிப் போனவர்களே என்பதால் அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்தங்கிய மாவட்டத்துக்கு வரும் இளம் வைத்தியர் இடமாற்றம் கிடைத்ததும் புறப்பட்டுவிடுகிறார். குடும்பத்தோடு தங்க ஒழுங்கான விடுதி இல்லை என்பது அதற்கு ஒரு காரணம். நம்மவர்களோ இயந்திரம் வாங்கிக் கொடுத்துப் படம் பிடிப்பதில் காட்டும் ஆர்வத்தை வைத்தியர் விடுதி கட்டுவதில் காட்டுவதில்லை. இயக்கத் தெரிந்தவரும் உதிரிப் பாகமும் இல்லாமல், அன்பளிப்பாளரின் பெயர்ப் பலகையோடு உறை கழற்றாமல் நிற்கும் இயந்திரத்தை நான் என் கண்ணால் கண்டேன்.

காப்புறுதி பற்றியும் ஒரு மயக்கம் இருக்கிறது. ஒன்ராறியோ மாகாணச் சுகாதாரக் காப்புறுதியைத் தக்கவைப்பதற்கு, எந்தவொரு 12 மாத காலத்திலும் 153 நாட்கள் அங்கே இருக்க வேண்டும். இருந்தாலும், வெளிநாட்டில் அவசர சிகிச்சைக்காக விடுதியில் தங்கினால் அது தருவது நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 டொலர். பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை, அங்கே வழமையாக வசிப்போருக்கானது. நிரந்தரமாக வெளியேறியவருக்கு அந்த உரித்து இல்லை. பயணக் காப்புறுதி என்பது பயணிக்கு உரியது. ஊரில் குடியேறிவிட்டவர் பயணி அல்லர்.

ஆகவே வந்து இறங்கிய முதல் மாதத்திலேயே பக்கத்து அரச வைத்தியசாலைக்குப் போய்ப் பதிந்து, கிளினிக் கொப்பி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குக் கட்டணம் கேட்டால் கட்டுங்கள், அது நியாயமே. நள்ளிரவில் உங்களைத் தூக்கிவரும்போது, நீரிழிவா, குருதி உறையாமைக்கு மருந்து எடுப்பவரா என்பதைக் கடமையிலிருக்கும் வைத்தியருக்கு அந்தக் கொப்பியே சொல்லும். இ.சி.ஜி. எங்கே எடுக்கலாம், சி.ரி. ஸ்கான் எங்கே உண்டு, இரவிலும் இயங்குமா என்பவற்றை நோய் வருமுன் நேரில் கேட்டு அறியுங்கள். 1990 அம்புலன்ஸ் சேவை இந்தியாவின் நன்கொடையோடு 2016 இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கி, 2018 இல் வடக்குக்கும் வந்தது. கட்டணம் இல்லை. அந்த இலக்கத்தை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

பிரான்சிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் திரும்பியவர்கள் கட்டுக்கட்டாக மருத்துவ அறிக்கைகளைக் கொண்டுவருகிறார்கள். அவை பிரெஞ்சிலும் ஜேர்மனிலும் இருக்கின்றன. இங்குள்ள வைத்தியர் படிப்பது ஆங்கிலத்தில். அவர் சிங்களவராகவும் இருக்கலாம். மாத்திரைப் பெட்டியில் உள்ள வர்த்தகப் பெயர் இங்கே பழக்கமில்லாததாக இருக்கும். மருந்தின் பொதுப் பெயர், அளவு, செய்துகொண்ட சத்திரசிகிச்சை, ஒவ்வாமை ஆகியவற்றை ஆங்கிலத்தில் ஒரே பக்கத்தில் எழுதுவித்துக் கொப்பிக்குள் ஒட்டி வையுங்கள்.

நண்பரின் மனைவி கனடாவுக்குத் திரும்பவில்லை. குருதி அழுத்தத்துக்காக மாதம் ஒருமுறை, காலை ஆறு மணி பஸ்ஸில் அரச வைத்தியசாலை கிளினிக்குக்குப் போகிறார். சென்ற மாதம் கண்டபோது, முதல்நாள் 43 ஆம் இலக்கம் கிடைத்ததாகவும் மதியத்துக்கு முன்னரே மருந்தோடு வீடு வந்துவிட்டதாகவும் சொன்னார்.