பள்ளிப் பிள்ளைகளும் சட்டப் படிப்பும்

நமது நாட்டில் ஹைஸ்கூல் பிள்ளை ஒன்றைப் பார்த்து நீ என்னவாகப் போகின்றாய் என்று கேட்டால், டாக்டர் என்றோ இஞ்சினீயர் என்றோதான் பதில் வருகின்றது. வக்கீலாவேன் என்று சொல்லும் பிள்ளை பெரும்பாலும் வக்கீல் வீட்டுப் பிள்ளையாகவே இருக்கின்றது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. டாக்டர் பரீட்சையைப் பற்றிக் கிராமத்துப் பள்ளியில் கூடப் பேச்சு இருக்கின்றது. சட்டப் படிப்பு என்று ஒன்று இருப்பதாக எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை. கோர்ட்டு என்றால் நமது ஜனங்களுக்கு வீடு வாசலை அடமானம் வைத்துவிட்டுப் போகிற இடம் என்பதைத் தவிர வேறொன்றும் ஞாபகத்திற்கு வருவதில்லை. கோர்ட்டுப் படி ஏறாத குடும்பம் என்று பெருமையும் பேசிக் கொள்ளுகின்றோம். ஏறாமலிருப்பது நல்லதுதான். ஆனால் படிக்கு மேலே என்ன நடக்கின்றது என்பதே தெரியாமலிருப்பதும் நல்லதா என்று கேட்கின்றோம்.

சட்டம் தெரியாததால் வரும் கேட்டிற்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. புரோகிதனும் மந்திரமும் இன்றி, ஊரார் முன்னிலையில் மாலை மாற்றிக் கொண்ட சுயமரியாதைக் கலியாணங்கள் இந்நாட்டில் எத்தனையோ நடந்தன. ஊரும் உறவும் அவர்களைப் புருஷன் பெண்ஜாதி என்றே ஏற்றுக் கொண்டன. ஆனால் தெய்வானை ஆச்சி வழக்கில் 1953ல் சென்னை ஹைக்கோர்ட்டு, சாஸ்திரச் சடங்கும் இல்லாமல் பழைய வழக்கமும் இல்லாமல் நடந்த அப்படிப்பட்ட கலியாணம் சட்டப்படி செல்லாது என்று சொல்லிவிட்டது. 1967ல் சென்னைச் சட்டசபை இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்தவைகளையும் செல்லும்படி செய்த பிறகே அந்தக் குறை நீங்கிற்று. இடையிலிருந்த பதினாலு வருஷமும் அந்தத் தாய்மாரும் பிள்ளைகளும் சட்டத்தின் கண்ணுக்கு என்னவாக இருந்தார்கள் என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

பெண்களின் சொத்துரிமைக்கு 1929ல் செங்கல்பட்டு மகாநாட்டில் தீர்மானம் செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் அது சட்டமானது 1989ல். இந்தியா முழுவதற்குமாக ஆனது 2005ல். தீர்மானம் நிறைவேற்றுவது ஒரு வேலை, அதைச் சட்டமாக எழுதுவிப்பது வேறொரு வேலை என்பது இதிலிருந்து விளங்கும். மூன்றாவது வேலையும் ஒன்றுண்டு. இன்றைக்கும் சப்ரிஜிஸ்திரார் ஆபீசில் போய்ப் பாருங்கள். "ஒரு கையெழுத்துத்தானே அக்கா, போட்டுவிட்டுப் போ" என்று தம்பி சொல்ல, விடுதலைப் பத்திரம் என்பதற்கு அர்த்தம் தெரியாமலே எத்தனை பெண்கள் கையெழுத்திட்டுவிட்டு, ஒரு புடவையுடன் சந்தோஷமாய்த் திரும்புகின்றார்கள்! சட்டம் அச்சுப் புஸ்தகத்தில் இருந்து யாருக்கு என்ன லாபம்?

நிற்க, பாஷை விஷயத்தையும் பார்ப்போம். கலியாணத்தில் ஓதப்படும் மந்திரம் மாப்பிள்ளைக்கும் தெரியாது, பெண்ணுக்கும் தெரியாது என்று கேலி செய்யத் தெரிந்த நாம், ஹைக்கோர்ட்டில் தன் சொந்த நிலத்தைப் பற்றித் தன் எதிரிலேயே இங்கிலீஷில் நடக்கும் வாதத்தைக் கைகட்டி நின்று கேட்கும் குடியானவனைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாகாணங்களின் ஹைக்கோர்ட்டுகளில் இந்திக்கு இடமிருக்கின்றது. தமிழுக்கு இடம் வேண்டுமென்று தமிழ்நாடு சட்டசபை 2006ல் தீர்மானம் செய்தும், சுப்ரீம் கோர்ட்டு 2012ல் அதற்கு இசையவில்லை. இந்த நிலைமை மாறும் வரையிலாவது, நம் ஊருக்கு ஒருவராவது அந்த வாதத்தைப் புரிந்து கொள்ளக் கூடியவர் வேண்டாமா?

பள்ளிக்கூடத்தில் குடிமையியல் சொல்லிக் கொடுக்கப்படவில்லையா என்பார்கள். கொடுக்கப்படுகின்றது, சகஸ்ரநாமம் போலக் கொடுக்கப்படுகின்றது. அடிப்படை உரிமைகள் எத்தனை, ராஜ்ய சபைக்கு வயது எத்தனை என்று பிள்ளை ஒப்புவிக்கின்றது. அதுவும் சயன்ஸ் குரூப் எடுத்துவிட்டால் பத்தாம் வகுப்போடு முடிந்தது. ஓட்டுரிமை வருவதோ 18 வயதில்! போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த பிராதின் முதல் தகவல் அறிக்கை நகல் காசில்லாமல் கிடைக்கும் என்பதோ, கைது செய்யப்பட்டவனை 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும் என்பதோ, பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டால் 30 நாளைக்குள் சர்க்கார் தகவல் கொடுக்க வேண்டும் என்பதோ அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்பவர் ஆகியோருக்கு, வருமானம் எவ்வளவு என்று கேளாமலே இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க 1987ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கின்றது. அதன் ஆபீஸ் ஜில்லாக் கோர்ட்டு வளாகத்திலேயே இருக்கின்றது. பக்கத்து டீக்கடையைத் தெரிந்த அளவு அதை யாருக்கும் தெரியாது.

வக்கீல் படிப்போ பலர் நினைப்பது போல எட்டாத கனியல்ல. பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்தவரும் ஐந்து வருஷத்திலும், பட்டம் பெற்றவர் மூன்று வருஷத்திலும் முடிக்கலாம். தமிழ்நாட்டு அரசுச் சட்டக் கல்லூரிகளில் ஐந்து வருஷப் படிப்புக்கு இடம் கிடைப்பது பிளஸ் டூ மார்க்கின் பேரில். நுழைவுப் பரீட்சை இல்லை. தேசியச் சட்டப் பல்கலைக் கழகங்களுக்குத்தான் கிளாட் என்ற பரீட்சை. அது இங்கிலீஷில் மட்டுமே நடப்பதால் யாருக்குச் சௌகரியம் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. வக்கீலாகப் பதிந்து கொள்ளப் பல ஆயிரம் ரூபாய் வாங்கி வந்த வழக்கத்தையும், சட்டத்தில் கண்ட 750 ரூபாய்க்கு மேல், தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல், பதிவுக் கட்டணமாக வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு தடுத்துவிட்டது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கஷ்டம் பட்டம் வாங்கிய பிறகே ஆரம்பிக்கின்றது. சீனியரிடம் ஜூனியராய்ச் சேர்ந்து, பஸ் சார்ஜுக்கும் காணாத காசில் வருஷக் கணக்கில் கட்டுத் தூக்க வேண்டியிருக்கின்றது. தகப்பனார் ஆபீசும் மாமனார் ஆபீசும் இருப்பவர்களுக்கு இது ஒரு கஷ்டமல்ல. கூலிக்காரர் வீட்டுப் பெண்ணோ பையனோ ஆறே மாதத்தில் கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டு வேறு உத்தியோகம் தேடிப் போய்விடுகின்றார்கள். ஜூனியர்களுக்குப் பட்டணத்தில் மாதம் 20,000, கிராமப் பக்கத்தில் 15,000 ரூபாய் கொடுக்கும்படி இந்திய பார் கவுன்சில் 2024ல் சிபார்சு செய்தது. சிபார்சு சோறு போடாது. மேடையில் சமூக நீதி பேசும் நமது சீனியர் வக்கீல் தோழர்கள், தங்கள் ஆபீசுக் குமாஸ்தாவுக்கும் ஜூனியருக்கும் என்ன கொடுக்கின்றோம் என்று முதலில் கணக்குப் பார்க்கட்டும்.

பள்ளிக்கூட விஷயத்திலும் அவர்கள் ஒரு காரியம் செய்யலாம். மாதம் ஒரு மணி நேரம் பக்கத்து ஹைஸ்கூலுக்குப் போய், பொன்னாடையும் வரவேற்புரையும் இல்லாமல், ஒரு விடுதலைப் பத்திரத்தையும் ஒரு முதல் தகவல் அறிக்கையையும் கையில் கொடுத்து வரி வரியாய் வாசித்துக் காட்டட்டும். உபாத்தியாயர்கள் பிள்ளைகளை ஒரு நாள் காலை முன்சீப் கோர்ட்டுக்கு அழைத்துப் போகட்டும். வழக்கு விசாரணை பொதுவாக யாரும் உட்கார்ந்து பார்க்கக் கூடியதுதான். ஆகஸ்டு 15ந் தேதி கொடியேற்றி மிட்டாய் வாங்கிய கையோடு, அன்றே கூடும் கிராம சபைக்குப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் போய் உட்காரட்டும். ஓட்டில்லாத பிள்ளைக்கு இங்கென்ன வேலை என்று பிரசிடெண்டு கேட்டால், வரவு செலவுக் கணக்கு வாசிப்பதைக் கேட்க வந்தோம் என்று சொல்லட்டும்.