பிள்ளைகளோடு நுவரெலியாவுக்கு



விடுமுறை வந்தால் வேன் பிடித்து நுவரெலியா புறப்படுகிறோம். ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டுமென்று அவசரம். நாங்களும் அப்படித்தான் போனோம். இறம்பொடை வளைவுகளில் சின்னவள் வாந்தி எடுத்தாள். 1,868 மீற்றர் உயரத்துக் குளிரில் மகன் நடுங்கினான்; கம்பளிச் சட்டைகளோ சாமான்களுக்கு அடியில்! 1873-இல் ஆளுநர் கிரகரி காலத்தில் அமைத்த ஏரியையும் விக்டோரியா பூங்காவையும் ஓட்டமாகப் பார்த்துத் திரும்பினோம். பிள்ளைகள் முகத்தில் மகிழ்ச்சியே இல்லை.

வழியில் ஒரு தோட்டத்தருகே வேன் நின்றது. தூறலில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். கணவர் படமெடுக்கக் கமராவை உயர்த்தினார். மகன் கேட்டான்: "உம்மா, அவங்களுக்குக் குளிராதா?"

கமரா கீழே இறங்கியது. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நான்கு கிலோவுக்கும் அதிகமான கொழுந்து வேண்டும் என்று சொன்னேன். அவன் தன் சின்ன விரல்களைப் பார்த்துக்கொண்டான். அருகே வந்த ஒரு அம்மா, சின்னவளின் கையில் இரண்டு இலையும் ஒரு அரும்பும் வைத்தார். அன்று அவள் சிரித்தது அப்போதுதான்.

சகோதரிகளே, குளிர்ச்சட்டையைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். தொழிலாளரைப் படமெடுக்குமுன் சம்மதம் கேளுங்கள். நாம் காலையில் குடிக்கும் தேநீர் யார் கைகளிலிருந்து வருகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஏரியை அவர்கள் மறக்கலாம். அந்தக் கைகளை மறக்கமாட்டார்கள்.